இரண்டாவது சாட்சி

உல்லாஸ்நகர்
5 மார்ச் 2023

லூர்து மேரி மதினிக்கு,

பதினோரு முறை போன் செய்துவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் கத்தியிருப்பேன், நீங்கள் வைத்திருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். எதையும் எழுத்தில் கேட்பதுதான் நல்லது என்று வக்கீலும் சொல்கிறார்.

ஆமாம், வக்கீலைப் பார்த்தேன். கல்யாண் கோர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர். உங்களிடம் மறைத்து எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது நெல்லையப்பன் மாமா அந்த உயிலை எடுத்து வாசித்தார். அவர் கீழ்வீட்டுக்காரர், மாட்டுங்கா வொர்க்‌ஷாப்பில் அப்பாவோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவரிடம் அப்பா ஒரு உயிலைக் கொடுத்து வைத்திருக்கிறார் என்பதே பெற்ற மகளுக்கு அன்றுதான் தெரியும். "செம்பூர் வீடு முழுவதும் என் மறைந்த மகன் சாஜனின் மனைவி லூர்து மேரிக்கு." மொத்தம் ஆறு வரி. சாஜன் அண்ணன் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் இருக்கிறது, நெல்லையப்பன் மாமா பெயர்கூட இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. "சுனிதா என்று எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு நான் எதுவும் தரவில்லை" என்று எழுதியிருந்தால்கூட நான் இவ்வளவு உடைந்திருக்க மாட்டேன்.

அன்று அத்தனை பேர் முன்னால் "கெழவரை மயக்கி எழுதி வாங்கிட்டீங்க" என்று கத்தினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இப்போது பார்த்தால் கேள்விகள்தான் வருகின்றன.

உயிலை எதிர்ப்பதற்கு உருப்படியான காரணம் வேண்டுமாம். மகளின் மனம் நொந்தது என்பதையெல்லாம் கோர்ட் கேட்காது. எழுதும்போது அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருந்ததா, யாராவது நச்சரித்தோ பயமுறுத்தியோ எழுத வைத்தார்களா, கையெழுத்து அவருடையதுதானா, அவர் கையெழுத்திட்டதை இரண்டு சாட்சிகள் கண்ணால் பார்த்தார்களா என்றுதான் கேட்பார்களாம். அப்பாவின் கையெழுத்து எனக்குத் தெரியும், அதில் சந்தேகமில்லை. மற்றதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உயிலில் 15 ஆகஸ்ட் 2021 என்று தேதி இருக்கிறது. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்போது அவர் நிதானத்தில் இருந்தாரா? நீங்கள் கேட்டு எழுதினாரா? இன்னொன்று. முதல் சாட்சி நெல்லையப்பன் மாமா. இரண்டாவது சாட்சியின் கையெழுத்து கோடு கோடாகக் கிறுக்கியிருக்கிறது, பெயர் எழுதவில்லை. வக்கீலுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. மாமாவிடம் கேட்டால் "அதை மேரிகிட்டயே கேளு" என்கிறார். அது யார்?

சுனிதா


செம்பூர்
14 மார்ச் 2023

இயேசுவுக்கே புகழ்.

சுனிதா அவர்களுக்கு,

வக்கீல் வைத்திருப்பவர்களை நீ வா போ என்று எழுதக் கூடாது என்பதால் இந்த "அவர்கள்". தாராவி முனிசிபல் ஸ்கூலில் பத்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் உங்கள் வக்கீல் திருத்திக்கொள்ளட்டும்.

மாமாவுக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, புத்தி தெளிவாக இருந்தது. காலையில் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டு, நான் டிபன் கட்டும்போது பின்னாலேயே நின்று எனக்குச் சொல்வார். இடது கைதான் வராதே தவிர வாய் நன்றாகவே வந்தது. சந்தோஷமாக இருந்தால் மேரி, மாத்திரை கொடுத்தால் மேட்ரன். "மேட்ரன் வந்துட்டா, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

நான் கேட்டு எழுதவில்லை. ஏதாவது கேட்பதாக இருந்தால் டிவியை மாற்றித் தாங்க என்றுதான் கேட்டிருப்பேன், அது மூன்று வருஷமாகப் பச்சையாகத் தெரிகிறது. வீட்டை எனக்கு எழுதியிருக்கிறார் என்று உங்களுக்கு எந்த நிமிஷம் தெரிந்ததோ அதே நிமிஷம்தான் எனக்கும் தெரியும். உங்களுக்காவது கத்த முடிந்தது. என் கையில் பாயசக் கரண்டி இருந்தது.

இரண்டாவது சாட்சி நான்தான்.

நர்ஸிங் ஹோம் கவுண்டரில் எனக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லாமல் வருகிற பேஷண்டுக்கு ஃபாரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதும் அதில் ஒன்று. வாட்ச்மேன், டாக்ஸிக்காரர், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிற கிழவிகள். ஒரு நாளைக்கு இருபது முறை போட்டுப் போட்டு என் பெயர் தேய்ந்து அந்தக் கோடுதான் மிச்சம்.

அன்று மாதா விண்ணேற்புத் திருநாள், ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவில் கோயில் பூட்டியிருந்தது, நான் வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வரும் வழியில் வஞ்சிர மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். மாமாவும் நெல்லையப்பன் அண்ணாச்சியும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இருந்த பங்குக் கோயில் காலண்டரைக் கழற்றி, ஒரு பேப்பரின் மேல் பாதியை மூடி வைத்திருந்தார் மாமா. கீழே நாலு விரல் இடம்தான் தெரிந்தது.

"ஏட்டி மேரி, இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"கையில மீன் இருக்கு மாமா."

"கழுவிட்டு வா. நான் போடுறதப் பாரு. பாத்தியா? இப்ப இவன் போடுறதப் பாரு. பாத்தியா? இப்ப நீ போடு."

"என்ன மாமா இது, பென்ஷன் பேப்பரா?"

"ஆமா, அப்படி வச்சுக்க."

"வெளிய ஒரு ஆளக் கூப்பிட்டிருக்கலாம்லா?" என்று அண்ணாச்சி கேட்டார். "ஊருக்கெல்லாம் சாட்சி போடுறவ வீட்லயே இருக்கா, வெளிய எதுக்குடே ஆளு?" என்றார் மாமா. நான் போட்டேன். மீனைப் பொரிக்கப் போனேன். அவ்வளவுதான்.

கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன்.

லூர்து மேரி


உல்லாஸ்நகர்
26 மார்ச் 2023

அன்புள்ள மதினி,

உங்கள் கடிதத்தை வக்கீலிடம் காட்டினேன். முதல் பக்கத்தைச் சும்மா புரட்டினார். "இரண்டாவது சாட்சி நான்தான்" என்ற வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "மேடம், இனிமே நீங்க சண்டையே போட வேண்டாம். அவங்களே கொடுத்துட்டாங்க."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நம்மைப் போன்ற கிறிஸ்தவர்கள் எழுதும் உயிலுக்கு வாரிசுரிமைச் சட்டத்தில் அறுபத்தேழாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எதையாவது எழுதி வைத்தால், உயில் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் செல்லாது. எழுதியவர் நிதானத்தில் இருந்தாலும் செல்லாது, சாட்சி போட்டவர் படிக்காமல் போட்டிருந்தாலும் செல்லாது. இந்துக்களுக்கு இந்தப் பிரிவு கிடையாதாம். இதே ஆறு வரியை நெல்லையப்பன் மாமா தன் மருமகளுக்கு எழுதி அவளையே சாட்சியாகவும் வைத்திருந்தால் அதைச் சொல்லி யாரும் அசைக்க முடியாது. அப்பா எழுதியதால் செல்லாது.

உயிலில் இருந்ததே அந்த ஒரு வீடுதான். அது உங்களுக்கு இல்லையென்றால், அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை, உங்களுக்குக் குழந்தையும் இல்லை என்பதால் மகள் என்ற முறையில் முழுவதும் எனக்கு வந்துவிடும். மகன் இறந்த பிறகு மருமகளுக்குச் சட்டத்தில் பங்கு எதுவும் இல்லை.

பொய் சொல்ல மாட்டேன், மதினி. வக்கீல் ஆபீஸ் படி இறங்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணில் ரயில் ஏறினேன். விட்டல்வாடி வருவதற்குள் அந்தச் சந்தோஷம் காணாமல் போயிருந்தது.

என்ன நினைவு வந்தது தெரியுமா? 2017 ஜூலை. குடல்வால் வெடித்து நான் இங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். கையெழுத்துப் போட ஆள் வந்தால்தான் ஆபரேஷன் என்றார்கள். குர்லாவில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. நீங்கள் ஒரு காய்கறி டெம்போவில் ஏறி, தலையிலிருந்து கால் வரை நனைந்து, சேலையெல்லாம் கொத்தமல்லி ஒட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். கவுண்டரில் இருந்த பையன் "பேஷண்டுக்கு என்ன உறவு?" என்று கேட்டான். "அதெல்லாம் அப்புறம் சொல்றேன், பேனாவக் குடு" என்றீர்கள். அன்று அந்தக் கிறுக்கல் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் இருக்கிறேன். அதே கிறுக்கலை உயிலில் பார்த்து யாருடையது என்று எனக்குத் தெரியாமல் போனதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் 14 என்று தேதி இருக்கிறது. தபால் முத்திரையில் 20 என்று இருக்கிறது. ஆறு நாள் ஏன் கையிலேயே வைத்திருந்தீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இது வக்கீலுக்காக இல்லை. அப்பா ஏன் என் பெயரை எழுதவில்லை? என்னைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

சுனிதா


செம்பூர்
11 ஏப்ரல் 2023

இயேசுவுக்கே புகழ்.

சுனிதா,

ஈஸ்டர் முடியட்டும் என்று இருந்தேன்.

ஆறு நாள் விஷயம். மேல்வீட்டு ஆபிதா, குர்லாவில் நோட்டரி ஆபீஸில் டைப் அடிக்கிறவள், அவளிடம் ஸ்பீட் போஸ்ட்டுக்கு விலாசம் எழுதித் தரச் சொன்னேன். என்ன ஆண்டி எழுதியிருக்கீங்க என்று கேட்டாள், வாசித்துக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாகல் ஹோ க்யா ஆண்டி? பைத்தியமா உங்களுக்கு? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதாதீங்க. கையெழுத்து யாருக்கும் புரியல. நெல்லையப்பன் அங்கிள் வாயே திறக்க மாட்டார். சும்மா இருங்க." ஏன் என்று கேட்டேன். நீங்கள் எழுதிய அந்தப் பிரிவை அவளும் சொன்னாள்.

அதனால் உங்களுக்கு எழுதும்போது எனக்குத் தெரியாது, அனுப்பும்போது தெரியும். அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆறு நாளும் கடிதம் டிபன் பையிலேயே இருந்தது. ஏழாவது நாள் கவுண்டரில் ஒரு பீகார்க்காரர், கால் நசுங்கி வந்தவர், கூட யாரும் இல்லை. ஃபாரத்தை நீட்டினார்கள், நான் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "தீதி, நீங்க போட்டா சரியா இருக்கும்ல?" என்றார். இருக்கும் என்றேன். மத்தியானம் போய்த் தபாலில் சேர்த்துவிட்டேன். என் கையெழுத்தை என்னுடையது இல்லை என்று ஒளித்துவிட்டு மறுநாள் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

மாமா உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாள் யோசித்தேன். உயிலைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ, ஏன் உங்கள் பெயரை எழுதவில்லை என்றோ அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னார் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கும் எழுதத் தெரியாமல் இல்லை. ஆனால் சொல்லவில்லை.

பார்த்ததைச் சொல்கிறேன். பேங்க் லீவு என்று நீங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை நாலு மணிக்கு வருவீர்கள். பக்கவாதம் வந்த பிறகு மாமாவுக்கு எது இரண்டாம் சனி என்று கணக்குத் தங்கவில்லை. என்னிடம் கேட்கவும் மாட்டார், வீம்பு. அதனால் எல்லாச் சனிக்கிழமையும் மூன்று மணிக்கே பனியனுக்கு மேல் சட்டை போட ஆரம்பிப்பார். அந்த நீலக் கோடு போட்ட சட்டை. இடது கை நுழைய கால் மணி நேரம் ஆகும். உதவிக்குப் போனால் மேட்ரன் என்பார். போட்டுக்கொண்டு கதவைப் பார்க்க உட்கார்ந்திருப்பார். நீங்கள் வராத சனிக்கிழமையில் ஆறு மணிக்குக் கழற்றுவார். மாதத்தில் மூன்று சனி கழற்றுவார், ஒரு சனி நீங்கள் வருவீர்கள். நீங்கள் வந்ததும் "ஏன் லேட்டு, ரயில் கூட்டமா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார். கடைசி சனிக்கிழமை வரை இப்படித்தான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

இதையும் வக்கீலிடம் காட்டுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று தெரியாதவர் எழுதிய உயில் என்று ஒரு பாயிண்ட் கிடைக்கும். உயில் எழுதும்போதும் இப்படித்தான் இருந்தார், மறைக்க மாட்டேன்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில், பேகம் வீட்டு மாடியில் ஒரு ரூம் பார்த்துவிட்டேன். எங்கள் அம்மாவோடு ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர் பேகம். "உன் வீடு மாதிரி இரு, ஆனா குக்கர் விசிலைக் குறைச்சுக்கோ" என்கிறார். மே கடைசியில் காலி செய்துவிடுவேன். என்னிடம் இருந்த இரண்டு சாவியும் இதோடு இருக்கிறது. அதுவரை உள்ளே போக நெல்லையப்பன் அண்ணாச்சியிடம் இருக்கிற சாவி போதும்.

உன் குடல்வால் தழும்பு மழைக்கு இன்னும் வலிக்கிறதா? கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

லூர்து மேரி


உல்லாஸ்நகர்
23 ஏப்ரல் 2023

அன்புள்ள மதினி,

கடைசி வரியில் "உன்" என்று எழுதிவிட்டீர்கள். தெரிந்து எழுதினீர்களா, தவறி வந்ததா? எப்படி இருந்தாலும் திருத்தாதீர்கள். தழும்பு வலிக்கிறது. ஜூனில் வாருங்கள், காட்டுகிறேன்.

சனிக்கிழமைச் சட்டையைப் பற்றி எழுதியதை வக்கீலிடம் காட்டவில்லை. அது எனக்கு வந்த கடிதம். பேங்கில் லஞ்ச் நேரத்தில் படித்துவிட்டு, முகம் கழுவப் போய் நின்றேன். ஆறுதலுக்காக ஒரு பொய்யை நீங்கள் எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்பிவிட்டு, ஒரு வருடம் கழித்து ஏதாவது ஒரு நாள் சந்தேகப்பட்டிருப்பேன். இதைச் சந்தேகப்பட வழியே இல்லை. நான் வரும்போதெல்லாம் அப்பா அந்த ஒரே சட்டையில் இருப்பார். வேறு சட்டையே இல்லையா என்று ஒருமுறை கோபித்துக்கொண்டு இரண்டு புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? பித்தான் இறுக்கமாக இருக்கிறது என்று அவர் போடவே இல்லை.

நீங்கள் எழுதிய இரண்டு கடிதத்திலும் உங்களுக்கு எதிராகத்தான் எழுதியிருக்கிறீர்கள். என் வக்கீல்கூட உங்களுக்கு இவ்வளவு கெடுதல் செய்ய முடியாது.

இப்போது நான் முடிவு செய்ததைச் சொல்கிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

வீட்டை உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறேன். குடும்ப ஏற்பாடு என்று பத்திரம் போட்டுப் பதிவு செய்யலாமாம். வக்கீலுக்கு என்மேல் கோபம். "ஜெயிச்ச கேஸை யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா மேடம்?" என்று கேட்டார். ஃபீஸ் உண்டு என்றேன், அடங்கிவிட்டார்.

இதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டு மறுக்காதீர்கள். நிறைய யோசித்தேன். உயில் செல்லுபடியாகி நான் ஒதுங்கியிருந்தால், அப்பா உங்களுக்குக் கொடுத்தார், நான் தோற்றேன் என்றுதான் காலம் முழுவதும் மனதில் இருந்திருக்கும். அப்பா காலண்டரை வைத்து மூடி, உங்களிடமே கையெழுத்து வாங்கி, எல்லாவற்றையும் கெடுத்து வைத்தார். அதனால்தான் வீடு என் கைக்கு வந்தது. என் கையில் இருந்தால்தானே நான் கொடுக்க முடியும்? உயிலில் என் பெயர் இல்லை. இந்தப் பத்திரம் முதல் வரியிலேயே "தனசீலன் மகள் சுனிதாவாகிய நான்" என்று ஆரம்பிக்கிறது. அந்த வரியை நானே வக்கீலுக்குச் சொல்லி எழுத வைத்தேன். அப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அதுவும் அவர் செய்த தப்புக்கு.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றிக்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும். அண்ணன் போன பிறகு உங்கள் வயதுக்கு நீங்கள் கிளம்பிப் போயிருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பத்து வருடம் அப்பாவோடு இருந்தீர்கள். நான் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து, பழம் கொடுத்துவிட்டு, உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனேன். பூசை நாளில் நான் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். முதல் கடிதத்திலேயே எழுத வேண்டியது, இப்போதுதான் வருகிறது.

சாட்சிக்கு நெல்லையப்பன் மாமாவும் ஆபிதாவும் போதும். நீங்கள் சாட்சிக்கான இடத்தில் மறந்தும் கை வைத்துவிடாதீர்கள். உங்களுக்கு வேறு இடம் இருக்கிறது, அங்கே முழுப் பெயரை எழுதுங்கள். நகல் அனுப்பியிருக்கிறேன், நாலு பக்கம். முழுதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு சாவி வந்தது. ஒன்றைத் திருப்பி அனுப்புகிறேன். மற்றது என்னிடம் இருக்கிறது. அதையும் கேட்டால் தந்துவிடுகிறேன்.

சுனிதா


செம்பூர்
3 மே 2023

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள சுனிதா,

தவறி வரவில்லை, தெரிந்துதான் எழுதினேன்.

நாலு பக்கமும் படித்தேன். லீவு போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஆபிதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இருபது வருஷத்தில் கையெழுத்துக்கு முன்னால் நான் படித்த முதல் பேப்பர் இதுதான் என்றால் நீ நம்ப மாட்டாய்.

வேண்டாம் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். பேகத்திடம் ரூம் வேண்டாம் போலிருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்றும் ஒரு யோசனை. விஷயம் எப்படியோ காதுக்குப் போய், பேகமே போன் பண்ணி, "குடுக்கிறவ கைய எத்தனை நாள் நீட்டிட்டே நிப்பா? வாங்கிக்கோடி. எனக்கு விசில் சத்தம் மிச்சம்" என்றார். வாங்கிக்கொள்கிறேன். இதற்கு எப்படி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த அன்றைக்கு எழுதுகிறேன்.

ஒரு இடம்தான் பிடிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில், "இனி மேற்படி வீட்டில் சுனிதாவுக்கு எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை" என்று போட்டிருக்கிறார் உன் வக்கீல். பேனாவை எடுத்து அடிக்கப் போனேன், ஆபிதா கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாப் பத்திரத்திலும் இந்த வரி இருக்குமாம், எடுத்தால் பத்திரமே நிற்காதாம். சரி, அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும். சாவி பாட்டுக்கு உன்னிடம் இருக்கட்டும்.

நீலக் கோட்டுச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். மற்ற துணியெல்லாம் கோயிலுக்குக் கொடுத்தாயிற்று, இது உனக்கு. நீ வாங்கிக் கொடுத்த இரண்டும் அட்டைகூடப் பிரிக்காமல் இருந்தது, அதை இப்போது நெல்லையப்பன் அண்ணாச்சி போட்டுக்கொண்டு திரிகிறார். அவருக்கும் இறுக்கம்தான், சொல்ல மாட்டேன் என்கிறார்.

கையெழுத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போக வேண்டுமாம், அதற்கு ஒரு வேலை நாளாகப் பார்த்து ஆபிதா சொல்வாள். காலண்டரைப் பார்த்தேன். 13-ஆம் தேதி இரண்டாம் சனி. பத்திரம் எதுவும் எடுத்துக்கொண்டு வராதே, பழமும் வேண்டாம். உப்பு குறைவாகவே போடுகிறேன்.

நாலு மணிக்குச் சும்மா வா.

லூர்து மதினி